மூன்றாம் பாடத்திலேயே...

“இந்த மனுஷனை மாத்தலைன்னா பரீட்சை நமக்கெல்லாம் ஊத்திக்கும். போடுங்க கையெழுத்தை!”

சுலேமா கடிதத்தை மேஜையில் அறைந்தாள். அவள்தான் வகுப்புப் பிரதிநிதி. முதல் கையெழுத்தை அவளே போட்டாயிற்று.

அந்தப் பருவம் பொலிவியாவின் கொச்சபம்பா நகரைச் சுற்றி இருபத்திரண்டு நாள் சாலை மறியல். நடுவழியில் மாட்டிய லாரி ஒன்றில் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்த பிறகுதான் பாதை திறந்தது. கோழியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கல்லூரி திறந்ததும் மற்ற மூன்று பிரிவுகளும் பிய்த்துக்கொண்டு கணிதத்தில் ஆறாம் பாடத்துக்குப் போய்விட்டன. ‘பி’ பிரிவில் மட்டும், பிள்ளைகள் ‘இன்ஜினியர்’ என்று கூப்பிடும் பேராசிரியர் அனிசெத்தோ வில்கா மூன்றாம் பாடத்திலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

நாலு பிரிவுக்கும் ஒரே வினாத்தாள். நூற்றுக்கு ஐம்பத்தொன்று எடுக்காதவர்களுக்குக் கல்லூரியின் இலவசச் சாப்பாடு ரத்து. சுரங்க ஊரிலிருந்து வந்த சுலேமாவுக்கு அந்தச் சாப்பாடு போனால் படிப்பும் போச்சு. ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

வில்கா உள்ளே வந்தார். கடிதம் சட்டென்று பைக்குள் போயிற்று.

“நேத்து நடத்தினது புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது இன்ஜினியரே!” எல்லாரையும் முந்திக்கொண்டு கத்தியது சுலேமாதான். “அடுத்ததுக்குப் போங்க!”

வில்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பலகையைத் துடைத்தார்.

“சரி. மறுபடியும் முதல்லேர்ந்து வருவோம்.”

“இவர் ஆறாம் பாடத்துக்கு வர்றதுக்குள்ள என் பேரன் இந்த பெஞ்சில உட்கார்ந்திருப்பான்” என்று முனகினான் பக்கத்திலிருந்த எல்மெர்.

நாற்பது கையெழுத்தோடு கடிதம் துறைத் தலைவரிடம் போயிற்று. மறுவாரமே வில்காவை மாற்றிவிட்டார்கள்.

கடைசி நாளன்று அவர் கல்லூரி வாசலில் கறி அடைத்த சால்ட்டேன்யா தின்றுகொண்டிருந்தார். இத்தனை வயதாகியும் அதன் கறிச்சாறு சட்டையில் ஒழுகாமல் தின்னத் தெரியாத மனுஷன்.

“நல்லா எழுதும்மா” என்றார்.

சுலேமா காதில் விழாதது போல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனாள்.

புதிதாக வந்த இளைஞர் பாடம் நடத்தவில்லை, ஓட்டினார். வலது கை எழுதிக்கொண்டே போக, இடது கை பின்னாலேயே அழித்துக்கொண்டு வந்தது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே பாடத்திட்டம் முழுக்க முடிந்தது. வகுப்பே கைதட்டியது.

மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். எல்மெர் 58. சுலேமா 44.

“எல்லாம் அந்தக் கிழவரால வந்த வினை! பாதிப் பருவத்தை முழுங்கிட்டார்.”

“நானும் அவர்கிட்டதானே படிச்சேன்?” என்றான் எல்மெர்.

“நீ வாயை மூடு.”

மறுமதிப்பீட்டுக்கு மனுக் கொடுக்கச் சுலேமா துறை அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு எல்மெர். அங்கே ஊழியப் பெண் எலோதியா வில்காவின் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அட்டைப்பெட்டியில் மேலாக ஒரு நோட்டு கிடந்தது. அன்றன்று நடத்தியதை வில்கா எழுதி வைத்தது. பிள்ளைகளின் பெயர் இல்லை. பதிவேட்டு எண் மட்டும். அந்த எண்ணையெல்லாம் எந்தப் பிள்ளை ஞாபகம் வைத்திருக்கிறது?

சுலேமா நோட்டை எடுத்து, வில்கா மாதிரியே மூக்கால் படித்துக் காட்டினாள்.

“‘திங்கள். மூன்றாம் பாடம். ஐந்து பேருக்குப் பிடிபடவில்லை. நாளை மறுபடியும்.’”

எல்மெர் சிரித்தான். “அப்படியே அவர்தான்! இன்னும் படி.”

“‘புதன். நாலு பேர் தேறிவிட்டார்கள். 29 மட்டும் பாக்கி. புரிந்தது என்கிறது, கணக்கைப் போடச் சொன்னால் கை நிற்கிறது. இந்தப் பாடம் மனசில் நிற்காமல் மேலே எதுவும் நிற்காது. நாளை மறுபடியும்.’”

“யாரு அந்த 29?”

“எந்தக் கழுதையோ! தெரியலைன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்னவாம்? அந்த ஒரு கழுதைக்காக மத்த முப்பத்தொன்பது பேரையும் நிறுத்தி வச்சிருக்கார் பாரேன்!”

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அதையும் மூக்காலேதான் ஆரம்பித்தாள். பாதியில் அவள் குரல் அவளுடையதாகவே ஆகிவிட்டது.

“‘வெள்ளி. என்னை மாற்றச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நியாயம்தான், தாமதம் என்னுடையது. 29-க்கு மட்டும் மூன்றாம் பாடத்தை இன்னொரு தடவை சொல்லித்தரும்படி புதியவரிடம் கேட்க வேண்டும். பாவம், அவள் சாப்பாடு போய்விடக் கூடாது. கடிதத்தில் முதல் கையெழுத்து அவளுடையதுதான்.’”