துக்க வீட்டு டிவி

“அத்தை, பெரியத்தை வூட்டுல டிவி ஓடுது.”

காயப்போட்ட துணியை எடுக்கப் போன மருமகள் அனிதா வந்து சொன்னதும், ஜெகதாம்பாள் காதில் இருந்த இயர்போனைப் பிடுங்கினாள். கையிலிருந்த போனில் கதாநாயகியை மாமியார்க்காரி அறையப் போகும் கட்டம். அதையே பாதியில் நிறுத்தினாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“என்னடி சொல்ற? டிவியா?”

“ஆமா அத்தை. தெரு முனை வரைக்கும் கேக்குது.”

எதிர்வீட்டுச் செல்வம்மாள், ஜெகதாம்பாளின் புருஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. அந்த அண்ணன் இளையபெருமாள் போன வாரம்தான் போய்ச் சேர்ந்தார். இன்னும் கருமாதி ஆகவில்லை. கருமாதி வரைக்கும் சாவு வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் டிவி போடக் கூடாது என்பது விக்கிரமங்கலத்தில் அந்தத் தெருவின் சட்டம். ஜெகதாம்பாள் அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வந்தாள். அவள் வீட்டு டிவிக்குப் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள்.

அப்புறம் போனில் மட்டும் பார்க்கலாமா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“போன் எப்படிங்க டிவி ஆவும்? சத்தம் வெளியில போவுதா? என் காதோட முடிஞ்சிடுதுல்ல.”

போனில் பார்ப்பதில் அவளுக்குப் பெருமை வேறு. டிவியில் ராத்திரி வரப்போவதைக் காலையிலேயே பார்த்துவிட்டு, குழாயடியில் கதையைச் சொல்லி மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள்.

“முன்னல்லாம் தெருவுக்கே ஒரு டிவி. எல்லாம் அங்கயே வந்து கெடக்கும். வேர்வ நாத்தம், புள்ளைங்க கத்தல், ஒரு வசனம் காதுல வுழாது. இப்பதான் நிம்மதி. வேணாங்கிற அழுவையத் தள்ளி வுட்டுட்டுப் பாக்கலாம்.”

அந்த நிம்மதி தெரு முழுக்க வந்துவிட்டது. விளக்கு வைத்தால் போதும், ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் முடங்கிவிடுவார்கள். வீட்டுக்குள் இருப்பவர்களே ஒருவரை ஒருவர் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெகதாம்பாள் கொண்டையை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். நேராகப் பங்காளிகளில் மூத்தவரான கொளஞ்சியிடம் போனாள். அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின் மேல் போன். அதில் ஏதோ பழைய படத்துச் சண்டை.

“மாமா, கேட்டீங்களா கூத்த? சாவு வூட்டுல டிவி ஓடுது.”

கொளஞ்சி பதறி எழுந்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பைக்குள் சண்டை தொடர்ந்து நடந்தது.

“துக்கத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?” என்றார்.

இரண்டு பேரும் நடக்க நடக்க ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு காதில் இயர்போன் தொங்க வந்தவர்கள், சார்ஜர் வயரோடு வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தெருவில் இத்தனை ஜனம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பதினாறு முடியறதுக்குள்ள சீரியல் கேக்குது பாரு.”

“அவ மவ சென்னையிலேருந்து கருமாதிக்கு வருவால்ல, வரட்டும். நறுக்குன்னு கேக்குறேன்.”

“கருமாதிச் சோத்துல பங்காளி எவனும் கை நனைக்கக் கூடாது மாமா. அப்பதான் புத்தி வரும்” என்றாள் ஜெகதாம்பாள்.

“அதான் சரி” என்றார் கொளஞ்சி.

கூட்டம் செல்வம்மாள் வீட்டுக்குள் நுழைந்தது. டிவி அலறிக்கொண்டிருந்தது. செல்வம்மாள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வாசல் பக்கம் இருந்தது.

ஜெகதாம்பாள் முதலில் டிவியைத்தான் பார்த்தாள். யாரோ ஒருவன் காய் நறுக்கும் மெஷினைக் காட்டி இந்தியில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எல்லா சீரியலும் அத்துப்படியான அவளுக்கே இது என்னவென்று பிடிபடவில்லை.

“இது என்னாடி நாடகம்?”

“நாடகம் இல்ல அத்தை” என்று பின்னாலேயே வந்திருந்த அனிதா காதைக் கடித்தாள். “ரீசார்ஜ் முடிஞ்சா வர்ற விளம்பரச் சேனலு. வேற ஒண்ணும் வராது.”

கொளஞ்சி தொண்டையைச் செருமினார். “ஏம்மா செல்வம்மா, இதையா உக்காந்து பாக்குற?”

“நான் எங்க பாத்தேன் மாமா?”

“பாக்காததுக்கு எதுக்குக்கா இந்தச் சத்தம்? தெருவே சிரிக்குது” என்றாள் ஜெகதாம்பாள்.

செல்வம்மாள் எழுந்து, மூலையில் இருந்த பாயை எடுத்து விரித்தாள். இன்னொன்றையும் விரித்தாள்.

“எங்க மாமியா செத்தப்ப, தெனம் வெளக்கு வெச்ச நேரத்துக்குத் தெருப் பொம்பளைங்க அத்தினி பேரும் வந்து என்னோட உக்காந்து அழுதீங்க. கருமாதி வரைக்கும் வந்தீங்க. நீயும் வந்த ஜெகதா.”

கொளஞ்சியின் பையில் இன்னமும் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப பால் தெளிச்ச அன்னிக்கு எழுந்து போனவங்கதான். தெனம் வெளக்கேத்திட்டு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். ஒரு கதவு தொறக்கல. அவரு இல்லாத வூட்டுல தனியா இருக்க பயமா இருக்கு. டிவியப் போட்டா திட்டுறதுக்காவது வருவீங்கன்னு தோணுச்சு.”

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

“வந்துட்டீங்கல்ல, அது போதும். ஏன் நிக்கிறீங்க? உக்காந்து திட்டுங்க.”