மூப்பருக்கு வெட்டிய குழி

குழிக்குள் கிருபன் மல்லாக்க நீட்டிப் படுத்திருந்தான். கைகள் இரண்டும் நெஞ்சின்மேல் இருந்தன.

"கால் முட்டுதோடா?" மேலே நின்ற அஜந்தன் எட்டிப் பார்த்துக் கேட்டான். இளையோர் மன்றத் தலைவன் அவன்தான்.

"முட்டுது."

"அப்ப இன்னும் ஒரு சாண் நீட்டி வெட்டு. மூப்பரும் உன்ர உயரம்தானே. இந்தப் பங்கில கோயில் வாசல் நிலை தலையில இடிக்கிறது உங்கள் ரெண்டு பேருக்கும்தான். பெட்டி இறங்காட்டி மனுசன் எழும்பி நிண்டு ஏசும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிருபன் எழும்பி முதுகு மணலைத் தட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

நாயாற்றுப் பக்கத்தில் உள்ள அந்தக் கத்தோலிக்கப் பங்கில் ஒரு சாவு விழுந்தால், சேமக்காலையில் குழி வெட்டுவது இளையோர் மன்றத்தின் பொறுப்பு. கூலி கிடையாது. செத்த வீட்டிலிருந்து வருகிற பிளேன்ரீயும் பிஸ்கட்டும்தான். கடற்கரை மணல் சொன்னபடி நிற்காது. பக்கத்துக்குப் பலகை கொடுத்து, ஆள் மாறி ஆள் இறங்கித்தான் வெட்டுவார்கள். இன்றைக்குக் கிருபன் மண்வெட்டியை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

"ஏறடா, நான் கொஞ்சம் வெட்டுறன்," என்றான் தர்சன்.

"வேண்டாம். நானே முடிக்கிறன்."

"உனக்கென்ன விசரே? உன்னைக் கண்டாலே அந்தாளின்ர முகத்தில எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவருக்குப் போய் இப்பிடி மாயுறாய்."

தர்சன் சொன்னதில் பொய்யில்லை. கோயில் காரியங்களை முன்நின்று பார்த்த சந்தியாப்பிள்ளை மூப்பர் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரோடும் தோளில் கைபோட்டுக் கதைக்கிற மனுசன். கிருபன் வந்தால் மட்டும் எழும்பிப் போய்விடுவார். போன பெருநாளில் மாதாவின் சுரூபத்துக்கு அவன் தோள் கொடுக்கப் போனபோது, "நீ விலகு," என்று அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னவர்.

ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. கிருபனின் தாய் ராஜினி தனி மனுசி. புருசன் இடம்பெயர்வில் செத்துப்போனார் என்று சொல்லி, ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். அவளுக்கும் மூப்பருக்கும் பழைய காணிப் பிணக்கு என்று சிலர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூப்பரிடமே கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, இப்போது கேட்கவும் முடியாது.

காலையில் கோயிலில் சாவு மணி அடித்தபோது கிருபனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "செத்த மனுசனோட என்ன கோவம். போய்க் குழியை வெட்டு," என்றாள்.

அவனுக்கு வேண்டியதும் அதுதான். இந்தக் குழியைத் தன் கையால் வெட்டி முடிக்க வேண்டும். பெட்டி வருமுன் ஆள் தெரியாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பிளேன்ரீ எடுக்கச் செத்த வீட்டுக்குப் போன தர்சன் கேத்திலும் கையுமாகத் திரும்பி வந்தான். முகம் கறுத்திருந்தது.

"கிருபன், நீ வெட்ட வேண்டாமாம். பிரகாசியம்மா சொல்லிவிட்டவா."

பிரகாசியம்மா மூப்பரின் பெண்சாதி. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ஆர் குழி வெட்டுறதெண்டு கேட்டவா. உன்ர பேரையும் சொன்னன். 'அவனை உடன ஏறச் சொல்லு' எண்டா."

"செத்தும் விடமாட்டினம் போல," என்றான் அஜந்தன். "அவற்ற கோவத்தை இப்ப இவா காவுறா. நீ ஏறடா கிருபன். எங்களுக்கேன் சோலி?"

கிருபன் ஏறவில்லை. "இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தான்.

அவமானமாக இருந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை. ஒரு பிணத்துக்குக் குழி வெட்டக்கூட ஆகாதவன் ஆகிவிட்டேனா என்று ஒருமுறை நினைத்தான். பிறகு அந்த நினைப்பையும் விட்டுவிட்டான். கையில் கொப்புளம் உடைந்து பிடியில் ஈரமாகியது. நோவு தெரியவில்லை.

சேமக்காலை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்தது பிரகாசியம்மா.

புருசனின் பிணம் வீட்டில் கிடக்க, பெண்சாதி சேமக்காலைக்கு வந்ததை அந்த ஊர் கண்டதில்லை. தலையில் முக்காடு, காலில் செருப்பும் இல்லை. பெடியன்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அஜந்தன் மட்டும் முன்னால் போனான்.

"அம்மா, அவன் எங்கட மன்றப் பெடியன். மனசில ஒண்டும் வையாமல்தான் வெட்டுறான். இண்டைக்கு மட்டும் விடுங்கோ."

அவர் காதில் வாங்கவில்லை. நேரே வந்து குழியோரம் நின்றார். மணல் பொலபொலவென்று உள்ளே சரிந்தது.

கிருபன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முடிஞ்சுது அம்மா. பெட்டி வர முன்னம் நான் போயிடுவன். என்னால உங்களுக்குக் கரைச்சல் வராது."

பிரகாசியம்மா அந்த மணலிலேயே முழங்காலூன்றிக் குனிந்து, அவனை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஏறி வா மோனை. தகப்பனுக்குப் பிள்ளை குழி வெட்டுறேல்லை."