வீட்டுச் சத்தம்

“ஏட்டி, பயப்படாம வா. டீச்சரு ஒண்ணும் கடிச்சிர மாட்டாங்க” என்று கடைசிக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள், உதவிக்கு வந்திருந்த பால்வாடி டீச்சர் முத்துசெல்வி. மேசைக்குப் பின்னால் இருந்த வித்யாலட்சுமியைப் பார்த்ததும் குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. ஐந்து வயதுதான் இருக்கும்.

குற்றாலத்தில் தொடங்கப்போகும் இலவச இசைப் பள்ளிக்குத் தென்காசியில் ஆள் எடுக்கிறார்கள். பாடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சொந்தமாக ஒரு சத்தத்தை உண்டாக்கத் தெரியுமா என்பதுதான் பரீட்சை. மதுரையிலிருந்து வரவேண்டிய நடுவர் வராமல் போக, மார்க் போடுகிற வேலை பாட்டு டீச்சர் வித்யாலட்சுமியின் தலையில் விழுந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம்.

காலையிலிருந்து பிள்ளைகள் போட்ட ரகளையில் ஹாலே இரண்டுபட்டுப் போயிருந்தது. வித்யாலட்சுமிக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு மனசு மரத்துக் கிடந்தது. வெந்நீரும் ஒன்றுதான், ஐந்தருவித் தண்ணீரும் ஒன்றுதான்.

வந்த பிள்ளைகளிடமெல்லாம், “பேரு என்ன? யாரு கூட வந்திருக்கே?” என்று ஒரே குரலில் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். இந்தக் குழந்தையிடம் நேராகக் கேள்விக்கே வந்துவிட்டாள்.

“சாயங்காலம் உங்க வீட்டுல என்னென்ன சத்தம் கேக்கும்? அதை வாசிச்சுக் காட்டு.”

சற்று முன் வந்த சுரண்டை ஊர்ப் பையன் டிரம், தட்டு, மணி எல்லாவற்றையும் போட்டு உருட்டி, மிக்ஸி, டி.வி., அப்பா அம்மா சண்டை என்று ஒரு கச்சேரியே நடத்திவிட்டுப் போயிருந்தான். முத்துசெல்விக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இந்தக் குழந்தை டிரம் பக்கமே போகவில்லை. மரக்கட்டையை ஒரு தடவை தட்டியது. நகத்தால் மேசையை மெல்லச் சுரண்டியது. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

“அவ்வளவுதானாட்டி?” முத்துசெல்விக்குப் பொறுக்கவில்லை.

“இன்னும் வாசிச்சுட்டுதான் இருக்கேன்.”

“என்னத்த வாசிக்கே?”

“டக்குன்னா கதவு. சர்ருன்னா ஃபேன். பொறவு ஒண்ணும் கேக்காது.”

“அப்பா வார சத்தம்?”

“அப்பா சாமிகிட்ட போயிட்டாங்க.”

“அம்மா?”

“அம்மா இருக்கா. சத்தம்தான் இருக்காது.”

முத்துசெல்வி வித்யாலட்சுமியின் காதருகே குனிந்தாள். “டீச்சர், சத்தம் இல்லாததையும் வாசிச்சுட்டாளே! காலையில இருந்து இப்படி ஒரு பிள்ளை வரல. அந்த இடத்தை இவளுக்கே குடுத்துருங்க.”

வித்யாலட்சுமி சுரண்டைப் பையனின் பெயருக்கு நேரே டிக் போட்டாள்.

“இதுல கற்பனை எங்க இருக்கு முத்துசெல்வி? உள்ளதை உள்ளபடி வாசிக்கா. கற்பனைக்குத்தான் மார்க்கு.”

“நல்ல நியாயம் டீச்சர்! பச்சைப் புள்ளய வீட்டுல வெச்சுக்கிட்டு வாயைத் தொறக்காம இருக்காளே, அவளும் ஒரு தாயா?” என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே காத்திருந்தவர்களுக்கு முடிவைச் சொல்லப் போனாள் முத்துசெல்வி.

வித்யாலட்சுமி பேனாவை மூடப் பார்த்தாள். மூடி பொருந்தவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு எங்கேயோ வலித்தது.

குழந்தை எழுந்தது. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மேசையைச் சுற்றி வந்து அவள் முந்தானையை மெல்ல இழுத்தது.

“எம்மா, டெஸ்ட் முடிஞ்சிட்டுல்லா? இனி உங்கூடப் பேசலாமா?”