வாய் திறக்காத சம்பந்தி

"கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு வேலைய விட்டுடணும். சம்மதம்னா மேற்கொண்டு பேசலாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலம்.

முத்தியால்பேட்டையின் அந்தச் சின்னக் கூடத்தில் பெண்ணின் அப்பா இராமதாஸ் தலையாட்டத் தயாராகவே இருந்தார். நல்ல இடம். பையனை மகள் பார்வதிக்கும் பிடித்திருந்தது. ஆனால் பக்கத்திலிருந்த மேட்டுப்பாளையம் ரேடியோ கம்பெனி வேலையையும் அவள் உயிராக நினைத்தாள். அம்மாவுக்கு மில் வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

அம்மா மணியம்மாள்தான் பதில் சொன்னாள். "அவ வேலைக்குப் போவா. அத மட்டும் விடச் சொல்லாதீங்க."

இராமதாஸுக்கு வியர்த்துவிட்டது.

ஆதிமூலம் தமக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார். "உங்கள மாதிரி இவளும் மில்லுல இருந்தவதான். தாலி கட்டின கையோட நிறுத்திட்டேன். என்னா கொறஞ்சி போச்சி? கேட்டுப் பாருங்க."

கேட்கச் சொன்னாரே தவிர, அந்த அம்மாள் பதில் சொல்ல இடம் விடவில்லை. பஸ் நெரிசல், குடும்ப கௌரவம், இன்னும் பிறக்காத பேரன் என்று அவரே அடுக்கிக்கொண்டு போனார். சம்பந்தியம்மாளின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலைப் பழக்கம் போலிருக்கிறது என்று இராமதாஸ் தட்டை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார். உபசாரத்திலாவது குறை வரக் கூடாதே.

மணியம்மாளோ பேசுகிறவரை விட்டுவிட்டு, எதிரே இருந்த அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலைக்குப் போவா" என்றாள் மறுபடியும்.

ஆதிமூலம் விருட்டென்று எழுந்தார். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. உள்ளே பார்வதி அழத் தொடங்கினாள். ஒத்துக்கொள்ளும்படி இராமதாஸ் மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

வாசல்வரை போன ஆதிமூலம் செருப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சரி, போவட்டும். பையனும் ஆசப்படறான்."

பூ வைக்க நாள் குறித்துக்கொண்டு அவர்கள் கிளம்பியதுதான் தாமதம், இராமதாஸ் மனைவிமேல் பாய்ந்தார். "அந்தாளு செருப்ப மாட்டிக்கினு போயிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

"மாட்ட மாட்டாருன்னு தெரியும்" என்றபடி மணியம்மாள் வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினாள். அடுக்கிய வெற்றிலை கலையாமல் அப்படியே இருந்தது.

இராமதாஸ் விழித்தார். "அப்ப அந்தம்மா என்னாத்த மென்னாங்க?"

"மெல்லல, பேசினாங்க. மிஷின் ஓடுற சத்தத்துல மில்லுல நாங்கள்லாம் உதட்டப் பாத்துத்தான பேசிப்போம்? 'வாசல்வரைக்கும் போவாரு, தண்ணி கேப்பாரு, திரும்பி வந்துடுவாரு. அன்னிக்கி நான் விட்டுக்குடுத்துட்டேன், நீங்க விட்டுக்குடுத்துடாதீங்க'ன்னு வந்ததுலேருந்து சொல்லிக்கினே இருந்தாங்க."