லட்டுவின் பொட்டு

லட்டு கால்வாய்ப் பாலத்தில் ஏறியதும் மங்கம்மா எட்ட நின்று அதையே பார்த்தாள்.

பாலத்தைத் தாண்டினால் இரண்டு வழி. இடது பக்கம் போனால் அவர்களுடைய தோட்டம். வலது பக்கம் போனால் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள்.

கிழட்டு நாய் தரையை மோந்து பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. வலது பக்கம் திரும்பியது.

மங்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை.

லட்டுவுக்கு மூளை தளர்ந்துவிட்டது என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். வயசான நாய்களுக்கு வருவதுதானாம். ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. பீரோவைப் பார்த்துக் குரைத்தது. வெளியே போக வேண்டுமென்றால், கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கிற பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. இப்போது புதிதாக ஊர் சுற்றல் வேறு. காலையில் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் துரை வீடு திரும்புவார்.

பாவம், கிறுக்குப் பிடித்துத்தான் அலைகிறது என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். போன வாரம் அது நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டோடு வந்து நிற்கும்வரை.

மெரூன் நிறப் பொட்டு. இரண்டு கண்ணுக்கும் நடுவில், கோணாமல்.

நாய்க்குப் பொட்டு வைக்கிற கிறுக்கு இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் மகள் அனிதா. லட்டுவைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டு, தன் நெற்றிப் பொட்டை எடுத்து அதன் நெற்றியில் ஒட்டி அழகு பார்ப்பாள்.

அந்த அனிதாதான் தெற்கத்திப் பையன் பாஸ்கரனைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு போனாள். பெங்களூருப் பக்கம் இருப்பதாகப் பேச்சு. இனி இந்த வீட்டில் அவள் பேரை எடுத்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன் என்று கத்திவிட்டார் புருஷன் ராஜப்பன். அன்றோடு சரி. மகள் இருக்கிறாளா, எப்படி இருக்கிறாள், ஒரு தகவலும் கிடையாது. மங்கம்மா வேண்டாத சாமி இல்லை.

பொட்டை மெதுவாகப் பிய்த்து அரிசி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தாள். பசிக்கிறதோ இல்லையோ, நாளெல்லாம் டின்னைத் திறந்து திறந்து பார்த்தாள்.

இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள். ஒரு கிழட்டு நாய் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறாள்!

மூட்டுவலி கொஞ்சம் விட்டதும் லட்டுவின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் நேற்று சாயங்காலம் ராஜப்பன் புதுச் சங்கிலியோடு வந்து நின்றார்.

“புத்தி பேதலிச்ச நாய ரோட்ல உட்டா லாரில அடிபட்டுச் சாவும். நாளைக்கு வந்து கொட்டாய்ல கட்டிடறேன்.”

இன்று ஒரு நாள்தான் இருக்கிறது. இன்றைக்கு விட்டால் மகள் கிடைக்கமாட்டாள்.

அதனால்தான் காலையில் அத்தனை அவசரம். முதலில் புருஷனைத் தோட்டத்துக்குக் கிளப்ப வேண்டும். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சில மாதமாக அவர் டிவிஎஸ்ஸைத் தொடுவதில்லை. நடக்க நடக்கப் பசியும் கூடிவிட்டது போலிருக்கிறது. வாயு என்று ஒதுக்கிய அவரைக்கொட்டைக் குழம்பைக் கேட்டுக் கேட்டு, களியோடு தூக்குப்போசி நிறைய வாங்கிக்கொண்டு போகிறார். இன்று ருசிகூடப் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தாள். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் உப்பே போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் தின்னட்டும், ஒன்றும் ஆகிவிடாது என்று விட்டுவிட்டாள்.

லைன் வீடுகளை லட்டு ஒவ்வொன்றாகத் தாண்டியது. ஒவ்வொரு வாசலிலும் மங்கம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கடைசி வீடு. பச்சைக் கதவு.

சொந்த வீட்டில் கீல் பக்கம் போய் நிற்கிற நாய், இங்கே நேராகக் கதவு திறக்கிற பக்கம் போய்க் காலால் பிராண்டியது. வாலை வேறு ஆட்டியது.

மங்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அனிதா என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

கதவு திறந்தது.

“ஏன்டா, இன்னைக்கும் மோப்பம் புடிச்சினு வந்துட்டியா? மங்கா கிட்ட என்னை மாட்டி உடாம நீ அடங்க மாட்ட.”

ராஜப்பன்தான். கையில் தூக்குப்போசி மூடி.

நிமிர்ந்தவர் மனைவியைப் பார்த்தார். மூடி கை நழுவிக் கீழே விழுந்து வாசல்வரை உருண்டது.

சங்கிலி எதற்கு வந்தது, நடை எதற்கு, பசி எதற்கு, எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அடப்பாவி மனுஷா! பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெற்றவளை இத்தனை மாதம் அழவிட்டிருக்கிறாரே!

திட்ட வாயெடுத்தவள், அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அனிதா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் மெரூன் பொட்டு. வயிறு மேடிட்டு, இன்றோ நாளையோ என்று இருந்தது. எதிரே தட்டில் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. அம்மாவைப் பார்த்ததும் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மங்கம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். தெரியாத அந்த அடுப்படியில், டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து உப்பைத் தேடினாள்.