பாத அச்சு

"சும்மா இருடி தங்கம், அப்பா மானம் உன் கால்லதான் இருக்கு" என்று சகாயநாதன் கெஞ்சினார். இரண்டு மாதக் குழந்தை ஆஷ்லி கேட்டால்தானே! ஈரக் களிமண் பலகையில் பாதம் பட்டதும் வீலென்று கத்தி, விரல்களை மடக்கி ஓர் உதை விட்டாள்.

"அடுத்தவங்க பிள்ளை காலுக்கு நம்ம பிள்ளை காலா? பாவங்க" என்றாள் அவர் மனைவி.

"வேற என்ன பண்றது? நானென்ன வேணும்னா உடைச்சேன்?"

வேண்டுமென்று உடைக்கவில்லைதான், அவசரப்பட்டார். புத்தூரில் வீட்டின் முன்பக்கமே அவருடைய பீங்கான் பட்டறை. பிரசவத்துக்கு முன்பே வந்து களிமண் பலகை வாங்கிப் போவார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் பாதத்தைப் பதித்துக் கொண்டுவந்தால், காயவைத்துச் சுட்டு, பளபளப்புக்கு வெள்ளை கிளேஸ் பூசி, மறுபடி சுட்டுத் தருவார்.

போன மாதம் பாலமுரளி என்பவர் அப்படி ஒன்றைக் கொடுத்தார்.

"என்ன பேரு சார் எழுதணும்?"

"பேரு வேண்டாங்க. தேதி மட்டும் போதும்."

இன்னும் பேர் வைக்கவில்லை போலிருக்கிறது என்று சகாயநாதன் நினைத்துக்கொண்டார்.

அந்தப் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது சில்லென்றுதான் இருந்தது. உள்ளே ஈரம் இருக்கிறது, இரண்டு நாள் பொறுத்திருக்கணும். கப் ஆர்டர் தலைக்கு மேல் நின்றதால் சூளையில் ஓர் ஓரமாக இதையும் சொருகிவிட்டார். வெடித்துத் தூளாகிப் போனது.

ஆஷ்லியின் கால் கொஞ்சம் பெரிதுதான். ஆனால் சுட்டால் மண் சுருங்குமே! சூளையிலிருந்து எடுத்தபோது அச்சு அசல் பிறந்த குழந்தையின் பாதம்.

மூன்று வாரம் கழித்து பாலமுரளி மனைவி மைதிலியோடு வந்தார். சகாயநாதன் பலகையைத் துடைத்து நீட்டினார். மைதிலி பலகையை இரண்டு கையாலும் வாங்கி, விரல் பதிந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது எங்க பிள்ளை கால் இல்லீங்க. எங்க பிள்ளை விரலை மடக்கல."

பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்களுது சூளையில வெடிச்சிடுச்சு, இது என் பொண்ணு காலு. நாளைக்கே பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க. புதுசா எடுத்துத் தரேன், காசே வேண்டாம்."

பாலமுரளி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அது ஒண்ணுதாங்க எங்ககிட்ட இருந்துச்சு. பொறக்கும்போதே உசுரு இல்லைங்க."

சகாயநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என்ன திட்டினாலும் தகும் என்று நின்றார். மைதிலி திட்டவில்லை. உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பாப்பாவை ஒரு தடவை தூக்கிக்கட்டுமாங்க?"