அருமை அண்ணனுக்கு

"விக்கறதுக்கு இல்லை தம்பி" என்றார் முன்னாள் மந்திரியின் மனைவி, கதவைப் பாதி மட்டும் திறந்து.

வந்தவன் அசரவில்லை. அரசியல் தலைவர்களின் சுயசரிதைகளைச் சேர்ப்பவன் அவன். ஒரு தலைவர் இன்னொரு தலைவருக்குக் கைப்பட எழுதிக் கொடுத்த பிரதி என்றால் உயிரையே விடுவான். இங்கே ஓர் அலமாரி நிறைய இருப்பதாக, வீட்டுக்கு வந்துபோகும் டாக்டர் அவன் காதில் போட்டிருந்தார்.

"சும்மா பார்த்துட்டுப் போயிடறேம்மா."

அரை மனதாக வழிவிட்டார்.

அவன் புத்தகங்களைப் புரட்ட, அந்தம்மாவின் கண் அவன் கைமேலேயே இருந்தது. விலையை ஏற்றப் பார்க்கிறாரோ?

'என் அருமை அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தார் ஆளுங்கட்சித் தலைவர். 'மறக்க முடியாத நண்பருக்கு' என்றிருந்தார் எதிர்க்கட்சித் தலைவர்.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். ஒரே சாய்வு. ஒரே சுழிப்பு. மூன்றாவதை எடுத்தான். அதிலும் அதே கையெழுத்து.

"என்னம்மா இது? எல்லாம் ஒரே ஆள் எழுதினது! யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க? இருங்க, ஐயாகிட்டயே கேட்டுடறேன்."

உள் அறைக்குப் போகத் திரும்பியவனின் குறுக்கே வந்து நின்றார்.

"மெதுவா பேசுங்க தம்பி. நான்தான் எழுதினேன்."

"நீங்களா?"

"தேர்தல்ல தோத்ததும் வாசலே காலியாயிடுச்சு. ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. யாராவது புத்தகம் போட்டதா பேப்பர்ல வந்தா, 'எனக்கு ஒண்ணு அனுப்பாம இருக்க மாட்டான்'னு சொல்லிட்டு, தபால்காரர் வர்ற வழியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். என்னால பார்க்க முடியலை. நானே கடையில வாங்கி, எழுதி, தபால்ல போட்டேன். வந்ததும் மடியைவிட்டு இறக்கவே மாட்டார். இப்ப படுத்த படுக்கையா கிடக்கறவர்கிட்ட போய்…"

அவன் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

"யாரு அது? உள்ளே அனுப்பு. காபி போடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவனைப் பார்த்துவிட்டு, அந்தம்மா சமையலறைக்குப் போனார்.

கட்டிலில் கிடந்தவர் அவனைக் கிட்டே வரும்படி சைகை காட்டினார்.

"நீங்க கத்தினது கேட்டுச்சு. அந்தப் பயலாவது, என்னை அண்ணன்னு எழுதறதாவது! முதல் புத்தகத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரல் இறங்கியது.

"ஆனா தம்பி, எனக்குத் தெரியும்கிறது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்."